அன்பரசிக்கு ஒரு பாட்டில் ரத்தம்

'கடைசியாக ரத்தம் கொடுத்து எவ்வளவு காலம் ஆகிறது?' என்ற கேள்விக்கு நேராக ஏசுபாதம் 'ஐந்து மாதம்' என்று எழுதினார். அந்தப் படிவத்தை அவர் தம் வாழ்நாளில் எழுபது தடவைக்கு மேல் நிரப்பியிருப்பார். அதில் பொய் எழுதியது அன்றைக்குத்தான்.

ரத்த வங்கி கவுன்ட்டரில் இருந்த ஹெலன் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"இன்னாண்ணா இது? போன மாசம் திருப்போரூர் கேம்ப்ல உங்க கையில ஊசி குத்தினதே நான்தான்."

"நாளாச்சும்மா."

"நாப்பது நாள்கூட ஆவல. தொண்ணூறு நாள் ஆவணும்னு வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லுவீங்க. இன்னைக்கு இன்னா ஆச்சு உங்களுக்கு?"

ஏசுபாதம் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வூட்டுக்காரிக்கும்மா. மேல ஐ.சி.யூ.ல கீது. ரத்தம் பத்துல இருந்துது, ஏழரைக்கு வந்துட்டுச்சு. எனக்கு பயமா கீது. என்கிட்ட இருக்கறத எடுத்துக்கயேன்."

ஹெலன் படிவத்தைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டாள். எழுந்து வந்து கதவைத் திறந்து, கொடையாளிகளுக்குக் கொடுக்கிற மாம்பழ ஜூஸ் டப்பாவில் ஒன்றை அவர் கையில் வைத்தாள். "முதல்ல இத குடிங்க. மூஞ்சியப் பாத்தா காலையில இருந்து பச்சத் தண்ணி குடிச்ச மாதிரி தெரியல."

செங்கல்பட்டில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மனைவியைக் கொண்டுவந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

ஏசுபாதம் செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கியவர்கள். இவர் லாரி கிளீனராகப் போய், லைசென்ஸ் எடுத்து, இப்போது சிறுசேரி ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் பஸ் ஓட்டுகிறார். வீடு பூஞ்சேரியில். வயது ஐம்பது.

ரத்தம் கொடுக்க ஆரம்பித்தது இருபத்து நான்கு வயதில். அவருடைய அண்ணன் ஜெபசிங் சவுக்குக் கட்டை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து, தொடையில் கட்டை ஏறிக் கிழித்துவிட்டது. ரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கூட வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள், திரும்பி வரவில்லை. பொண்டாட்டி பிரசவத்துக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அண்ணன் பிழைத்தார். அந்தக் கண்டக்டரின் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. மறு மாதமே ஏசுபாதம் தானாக வந்து கையை நீட்டினார். அன்றிலிருந்து நிறுத்தவில்லை. ஷட்டில் ஸ்டாண்டில் 'ரத்தம் அண்ணாத்த' என்றால்தான் அவரைத் தெரியும்.

ஒருமுறை அப்பா வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரர் உலகநாதன் வீட்டிலிருந்தே போன் வந்தது. மருமகளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. இவர் கொட்டுகிற மழையில் மதுராந்தகம் வரைக்கும் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிள்ளையும் தாயும் நலமாக வீடு திரும்பியதும், வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனார். வாசலில் நிற்க வைத்துப் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அன்பரசி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணு உடம்புல ஓடுறது உன் ரத்தம். உனக்குக் குடுத்தது பேப்பர் கப்பா?"

"அவங்க பழக்கம் அது. வுடு."

"நீ வுடு. நான் வுட மாட்டேன்."

அன்பரசி அப்படித்தான். அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் பண்ணும் ஆட்களுக்கு சூப்பர்வைசர். வயது நாற்பத்தாறு. சர்க்கரை உண்டு, மாத்திரை போடுவாள். அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணக் கோஷ்டி ரிசார்ட்டை மொத்தமாக எடுத்திருந்தது. காய்ச்சலோடு மூன்று நாள் வேலைக்குப் போனாள். இடுப்பு வலிக்கிறது என்று தைலம் தடவிக்கொண்டாள். நான்காம் நாள் சனிக்கிழமை காலையில், யூனிஃபார்மை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "நைனா சாப்ட்டாரா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா செத்துப் பதினோரு வருஷமாகிறது.

ஏசுபாதம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போதே அவள் கண் செருகிவிட்டது. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் கல் அடைத்து, பின்னால் சீழ் கட்டி, அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். உடனே குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். ஆனால் பிரஷர் ஏறவில்லை. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். கழுத்தில் ஊசி போட்டு, பிரஷரைத் தூக்கிப்பிடிக்கிற மருந்தை ஓடவிட்டார்கள். தினமும் காலையில் ரத்தத்தில் எச்.பி. அளவு எவ்வளவு என்று பரிசோதித்தார்கள். பத்து என்றார்கள், மறுநாள் எட்டேகால் என்றார்கள், மூன்றாம் நாளான திங்கட்கிழமை ஏழு புள்ளி நான்கு.

அந்த எண்ணைக் கேட்டதும் ஏசுபாதம் தமக்குத் தெரிந்த காரியத்தைச் செய்தார். ஷட்டில் டிரைவர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வரி போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பேர் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களை வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் தானும் அந்தப் பொய்யை எழுதினார்.

ஐந்து பேரும் கொடுத்த பிறகு மாடிக்கு ஓடிப்போய் ஐ.சி.யூ. டாக்டரிடம் சொன்னார். டாக்டர் துர்காதேவிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரத்தம் ரெடிங்க மேடம். எத்தினி பாட்டில்னாலும் ஏத்துங்க."

"இப்போ ஏத்தலீங்க ஐயா."

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "ஏழரைதான மேடம் கீது?"

"ஆமா. உள்ள எங்கயும் ரத்தம் கசியல, இதயமும் நல்லா வேலை செய்யுது. இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு ஏழுக்குக் கீழ போனாத்தான் ஏத்துவோம். அதுக்கு முன்னாடியே ஏத்தினா பெரிய பிரயோஜனம் இல்லன்னு நிறைய பேர்கிட்ட பாத்திருக்காங்க. சில பேருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். வேற தொந்தரவும் வரலாம்."

ஏசுபாதம் தலையை ஆட்டினார். ஒன்றும் புரிந்து ஆட்டவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் நம்பியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சாகக் கிடக்கிறவனுக்கு ரத்தம் ஏற்றினால் பிழைப்பான். ரத்தம் கீழே ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மேலே பொண்டாட்டி படுத்திருக்கிறாள். நடுவில் இரண்டு மாடிப் படிக்கட்டுதான். ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்.

காத்திருக்கும் ஹாலில் அன்பரசியின் தம்பி ஜெரோம் உட்கார்ந்திருந்தான். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அம்மா போன பிறகு அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் குதித்தான்.

"இன்னா மாமா பேசறாங்க? ரத்தம் கம்மின்னு அவங்களே சொல்றாங்க, ஏத்த மாட்டோம்னும் அவங்களே சொல்றாங்க! ஓ.எம்.ஆர்.ல எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி கீது. இன்னைக்கே தூக்கிக்கினு போலாம்."

"மெஷின்ல கீறாடா அவ."

"மெஷின் வச்ச ஆம்புலன்ஸே கீது மாமா. நான் பேசிட்டேன்."

ஏசுபாதம் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அன்று முழுக்க ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். யாராவது வெளியே வந்து பெயர் கூப்பிட்டால், அது வேறு பெயராக இருந்தாலும் கதவு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினார். மகள் பொன்னி கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள், பரீட்சை நேரம். அவளிடம் 'அம்மாவுக்குக் காய்ச்சல், ட்ரிப்ஸ் ஏறுது' என்று மட்டும் சொல்லியிருந்தார். சாயங்காலம் போன் பண்ணினாள்.

"அம்மாகிட்ட குடுப்பா."

"தூங்குறாம்மா."

"எப்பப் பாத்தாலும் தூங்குறாங்களா? வீடியோ கால் போட்டுக் காட்டு. நான் சும்மா மூஞ்சியப் பாத்துட்டு வெச்சிடறேன்."

"உள்ள போன் எடுத்துக்கினு போவக்கூடாதும்மா."

"அப்பா, அம்மா ஐ.சி.யூ.லயா கீறாங்க?" என்று கேட்டாள். அவர், "பரீட்சை என்னைக்கும்மா முடியுது?" என்றார். அதுவே பதிலாகிவிட்டது. பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதாள். புதன்கிழமைப் பரீட்சையை எழுதிவிட்டு வா என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் துர்காதேவி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் தமிழில் அச்சடித்த இரண்டு தாள் இருந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஏசுபாதம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இன்னைக்கு ஆறு புள்ளி எட்டு. மதியம் ஒரு பாட்டில் ஏத்தப் போறோம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் சொன்னது இதுதான். அந்த ஐ.சி.யூ.வில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. டார்ச் லைட் மாதிரி ஒரு சின்ன கேமராவை நாக்குக்கு அடியில் வைத்தால், அங்கே ஓடுகிற மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் திரையில் தெரியும். ஊசி கிடையாது, வலி கிடையாது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏற்றின பிறகு ஒரு தடவை பார்ப்பார்கள். இஷ்டமில்லை என்றால் வேண்டாம். வைத்தியத்தில் ஒரு குறையும் வராது.

"எதுக்கு மேடம் அது? எச்.பி. பாத்தா தெரியாதா?"

"எச்.பி. ஏறுறது தெரியும். ஏறின ரத்தம் கடைசி வரைக்கும் போய்ச் சேருதான்னு தெரியாது." டாக்டர் தம் விரல் நுனியைக் காட்டினார். "இங்க இருக்கற குழாய் முடியவிட மெல்லிசு. ரத்தத்துல இருக்கற சிவப்பு அணு அதவிடப் பெருசு. மடங்கி, நெளிஞ்சுதான் உள்ள போவும். கிருமி ஏறின உடம்புல இந்தக் குழாய்ங்க பாதி அடைச்சுக்குது. அணுவும் விறைச்சுப் போவுது. ஃப்ரிட்ஜ்ல பல நாள் வச்ச ரத்தத்துலயும் கொஞ்சம் விறைப்பு வரும். அப்படிப்பட்ட நேரத்துல வெளிய இருந்து ரத்தம் போனா, ஓட்டம் நல்லா ஆவுதா, இல்ல கெடுதான்னு பாக்கறோம்."

ஏசுபாதத்துக்கு அது புரிந்தது. சாலையில் வண்டி நகர்கிறது, சந்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் புரிந்ததும் பயம் குறையவில்லை, கூடியது. நேற்று வரைக்கும் ரத்தம் கிடைக்க வேண்டுமே என்று ஒரு பயம். இன்றைக்குக் கிடைத்த ரத்தம் என்ன செய்யுமோ என்று இன்னொரு பயம்.

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்தப் படத்த நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

மதியம் ஒரு மணிக்கு முகமூடியும் நீல அங்கியும் மாட்டி அவரை உள்ளே விட்டார்கள். அன்பரசியின் முகம் வீங்கியிருந்தது. வாயில் குழாய். டாக்டர் அவள் நாக்குக்கு அடியில் கேமராவை மெதுவாக வைத்துக்கொண்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். திரையில் சாம்பல் நிறத்தில் கோடுகள் வந்தன. வேர் மாதிரி பிரிந்து பிரிந்து ஓடின. உற்றுப் பார்த்தால் கோட்டுக்குள் ஏதோ புள்ளி புள்ளியாக நகர்ந்தது. பெரிய கோடுகளில் வேகமாக ஓடியது. மெல்லிய கோடுகளில் சிலவற்றில் கொஞ்சம் நகர்ந்து நின்றது, மறுபடியும் கொஞ்சம் நகர்ந்தது. திரையின் இடது மூலையில் ஒரு கொத்து. அங்கே அசைவே இல்லை.

"அது இன்னா மேடம், நிக்குது?"

"ஆமாங்க. அங்க ஓட்டம் இல்ல."

அவர் அன்பரசியின் கால்மாட்டுக்கு வந்து போர்வையைச் சரிசெய்யப் போனார். இடது கால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஊதா நிறமாகி, நுனியில் கறுத்திருந்தன. அதைப் பார்த்த பிறகு, திரையில் அசையாமல் நின்ற அந்தக் கொத்து அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

இரண்டு மணிக்கு, ரத்த வங்கியில் ஏற்கனவே இருந்ததில் ஒரு பாட்டிலை மாட்டினார்கள். ஏசுபாதம் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். இத்தனை வருஷத்தில் ரத்தம் தம் கையை விட்டுப் போவதைத்தான் பார்த்திருக்கிறார். ஓர் உடம்புக்குள் போவதைப் பார்த்ததில்லை. சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. அவள் முகம் மாறுகிறதா, மார்பு சரியாக ஏறி இறங்குகிறதா, மானிட்டர் கத்துகிறதா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். கால் மரத்துப்போனது. நர்ஸ் வந்து, "ஐயா, உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார்.

நிற்க முடியாமல் கீழே போனவர், ஹெலனின் கவுன்ட்டர் முன்னால் போய் நின்றார். மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஹெலனு, நான் இத்தினி வருசமா குடுத்தது... அது யாருக்காச்சும் உள்ள போயி கெட்டது பண்ணியிருக்குமா?"

ஹெலன் கையில் இருந்த வேலையை நிறுத்தினாள். "யாருண்ணா உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"போன வாரம் செய்யூர் ரோட்டுல அடிபட்டு ஒரு பையன் வந்தான். ஆறு பாட்டில். இல்லன்னா அன்னைக்கே போயிருப்பான். பிரசவத்துல கொட்டுற பொண்ணுங்களுக்கு எத்தினி பாட்டில் போவுது தெரியுமா? அங்க எல்லாம் ரத்தம்தான் உசுரு. அதுல சந்தேகமே வேணாம். அக்கா விஷயம் வேற. அக்காவுக்குக் கொட்டல, கிருமி. அதுல எப்ப ஏத்தணும், எவ்ளோ ஏத்தணும்னு பாத்துப் பாத்துத்தான் செய்யணும். மருந்துன்னா அளவு உண்டு இல்ல? இதுவும் அப்படித்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெலன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடியும் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அந்த முறை அவரை உள்ளே விடவில்லை. பக்கத்துப் படுக்கையில் யாருக்கோ அவசரம். புதன்கிழமை காலையில் எச்.பி. ஏழு புள்ளி ஏழு என்று மட்டும் தெரிந்தது.

ஜெரோம் அந்த எண்ணுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். "ஒரு பாட்டிலுக்கே இவ்ளோ ஏறியிருக்கு. இன்னும் மூணு ஏத்தினா பத்து ஆயிடும். இவங்க நிறுத்திட்டாங்க மாமா! கீழ நம்ம பசங்க குடுத்த ரத்தம் சும்மா கீது. நான் ஆம்புலன்ஸ வரச் சொல்லிட்டேன். கேட்டாண்ட நிக்குது."

ஏசுபாதம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மழையில் வெள்ளை வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று எல்லாம் தம் ஒருவர் தலையில் வந்து விழுந்துவிட்டது போலிருந்தது. கூட்டிக்கொண்டு போய் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? இங்கேயே வைத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால்? பொன்னி ரயிலேறி வந்து கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். ஜெரோம் எகிறினான். டாக்டர் துர்காதேவி குரலை உயர்த்தவில்லை; கூட்டிக்கொண்டு போவது உங்கள் உரிமை, ஆனால் இந்த நிலையில் நகர்த்துவது ஆபத்து என்று மட்டும் சொன்னார்.

ஏசுபாதம் குறுக்கிட்டார். "மேடம், நேத்து சாயங்காலம் எடுத்த படம் இருந்தா காட்டுங்க."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "இத வச்சு நாங்க வைத்தியத்த முடிவு பண்றதில்லீங்க. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"தெரியும் மேடம். பாத்தா எனக்குக் கொஞ்சம்..."

கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து ஓட்டினார். இடம் கொஞ்சம் மாறியிருந்தது. முந்தின நாள் மதியம் பார்த்ததைவிடச் சாயங்காலம் மெல்லிய கோடுகளில் ஓட்டம் அதிகமாகத் தெரிந்தது. சிலது இன்னும் நின்றுதான் இருந்தது. ஆனால் நகர்கிறவை கூடியிருந்தன.

"அப்ப நல்லாதான வேலை செஞ்சிருக்கு!" என்றான் ஜெரோம். "அதனாலதான் சொல்றேன், இன்னும் ஏத்துங்கன்னு."

"தம்பி, இவங்களுக்கு முன்னாடி ஓட்டம் ரொம்ப மோசமா இருந்துது, ஏத்தின பிறகு கொஞ்சம் தேறியிருக்கு. போன வாரம் இன்னொருத்தருக்குப் பாத்தோம். அவருக்கு ஓட்டம் ஏற்கனவே நல்லா இருந்துது. ரத்தம் ஏத்தின பிறகு கொறைஞ்சிடுச்சு. எச்.பி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஏறிச்சு."

"ஏன் அப்படி?"

"சரியா தெரியலீங்க. அதனாலதான் பாத்துக்கினு இருக்கோம்."

ஜெரோம் மாமாவின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். "கேட்டியா மாமா? தெரியலன்னு சொல்றாங்க. தெரியலன்னு சொல்ற டாக்டராண்ட அக்காவ வுட்டுட்டு நிக்கணுமா?"

ஏசுபாதம் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள், தெரிந்ததைச் சொல்லும்போது பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு பக்கம் தோன்றியது. அது வெறும் சமாதானமோ என்று இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. அன்பரசி இருந்தால் சட்டென்று ஒன்றைச் சொல்லி முடித்திருப்பாள். அவளைக் கேட்காமல் அவர் ஒரு கட்டில்கூட வாங்கினதில்லை.

"ஆம்புலன்ஸ அனுப்பிடு மச்சான்" என்றார்.

"மாமா..."

"அனுப்பிடு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேளு. அக்காவ நான்தான் கொன்னேன்னு ஊர்ல சொல்லு. இப்ப அனுப்பிடு."

ஜெரோம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனான். கேட்டில் வண்டி திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. அது மறைகிற வரைக்கும் ஏசுபாதம் பார்த்திருந்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் கதவுக்கு நேராக உட்கார்ந்தார்.

வியாழன் காலையில் பொன்னி வந்தாள். பையைக்கூட இறக்காமல் அப்பாவைக் கட்டிக்கொண்டு, "எங்கிட்ட ஏம்ப்பா மறைச்ச?" என்று முதுகில் அடித்தாள். அன்றைக்கு எச்.பி. ஏழரை. இறங்கியிருக்கிறதே என்று அவர் பதறினார். ஆனால் பிரஷர் மருந்தைப் பாதியாகக் குறைத்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். சிறுநீர் நன்றாக வருகிறது என்றாள். வெள்ளிக்கிழமை அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை, வந்து ஒரு வாரம் ஆன அன்று, வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். இரண்டாவது பாட்டில் ஏற்றவே இல்லை.

பேச்சு வர இன்னும் ஒரு நாள் ஆனது. குரல் கரகரவென்று இருந்தது. ஏசுபாதம் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ரூம் சாவியெல்லாம் என் பையில கீது" என்றாள் அன்பரசி. "ரிசார்ட்ல தேடிக்கினு இருப்பாங்க."

பொன்னி சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெரோம் படுக்கையின் அந்தப் பக்கத்தில் நின்று அக்காவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். பிறகு கீழே போய் மாமாவுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

கறுத்த கால் விரல்கள் இரண்டுக்கும் ரத்த ஓட்டம் திரும்பவில்லை. கார்த்திகை கடைசியில் எடுத்துவிட்டார்கள். ஷட்டில் டிரைவர்கள் கொடுத்த ஐந்து பாட்டிலும் வேறு வேறு ஆட்களுக்குப் போய்விட்டதாக ஹெலன் சொன்னாள். அதில் ஒன்று தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு மதுராந்தகத்துப் பெண்ணுக்காம். ஏசுபாதம் தொண்ணூறு நாள் முடிகிற வரைக்கும் காத்திருந்து, தை மாதம் போய் மறுபடியும் கொடுத்தார். படிவத்தில் கடைசியாகக் கொடுத்த தேதியை ஹெலனே எழுதிக்கொண்டாள்.

மாசியில் பரிசோதனைக்குப் போனபோது துர்காதேவியைத் தேடினார்கள். அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். அந்த நாக்குக் கேமரா ஆராய்ச்சி முடிந்துவிட்டதா என்று ஏசுபாதம் அங்கிருந்த நர்ஸிடம் கேட்டார். இன்னும் முப்பது நாற்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, முடிய நாளாகும் என்றாள். அன்பரசி நாக்கை நீட்டி, "என் நாக்கையுமா படம் புடிச்சாங்க? எல்லாரும் பாத்தீங்களா? கர்மம்" என்றாள்.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக் கடைக்குப் போனார்கள். இடது காலுக்கு எந்தச் செருப்பும் நிற்கவில்லை. ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கடைக்காரர் பின்பக்கம் வார் வைத்ததை எடுத்துக் கொடுத்தார். அதன் நிறம் அன்பரசிக்குப் பிடிக்கவில்லை. ஆறு ஜோடி போட்டுப் பார்த்து, கடைசியில் அதையே வாங்கினாள்.

அவள் இப்போது திரும்பவும் ரிசார்ட்டுக்குப் போகிறாள், அறைகளுக்குப் போவதில்லை. சலவைத் துணி கொடுத்து வாங்குகிற இடத்தில் உட்கார்ந்து வேலை. ஏசுபாதத்துக்குத்தான் இன்னும் பயம் விடவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் லேசாக உடம்பைக் குறுக்கினால் போதும், எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு கையைப் பிடித்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார், வெளுத்தது சிவப்பாகத் திரும்புகிறதா என்று.

"ஃபேன் காத்துய்யா" என்று அவள் கையை உதறிவிடுவாள். "போயி ஃபேன கொறை."